ஐந்துக்கு ஒரு சைக்கிள்

மொழிபெயர்க்க வந்தவளுக்கு விதி இவ்வளவுதான்:
சொன்னதைச் சொல்.
கூட்டாதே, கழிக்காதே.
முக்கால் மணி நேரம். கையெழுத்துக்கு ஒரு தாள்.

லைப்சிக்கில் நவம்பர், நாலரைக்கே இருட்டு.
பிள்ளைகளுக்கான நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க மூன்று பேர்:
கணக்கு ஆசிரியை ஹென்ஷெல்,
கிர்கிஸ்தானத்துக் கரகோலிலிருந்து வந்து
கிடங்கில் இரவு ஷிப்ட் பார்க்கும் மிர்லான்,
நடுவில் இருவருக்கும் வாயாக நான்.

"பெக்துருக்குக் கணக்கில் ஐந்து வந்திருக்கிறது"
என்றார் ஆசிரியை, துக்கம் விசாரிக்கும் குரலில்.
ரஷ்ய மொழியில் அப்படியே சொன்னேன்.
மிர்லானுக்கு முகமெல்லாம் பல்.
"தெரியுமே! சனிக்கிழமையே
சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டேன்."

அதையும் சொன்னேன்.
ஆசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார்,
பிசகு என் நாக்கில்தான் என்பதுபோல.

நான் படித்தது குத்தாயிசியில்.
அங்கேயும் அன்று ஐந்துதான் உச்சி.
சிவப்பு மையில் ஐந்து விழுந்த நாளில்
மழையென்றும் பாராமல்
நோட்டைத் திறந்தபடியே வீடுவரை நடந்தவள்.
இங்கே ஏணியைத் தலைகீழாகச் சாத்தியிருக்கிறார்கள்.
ஒன்று உச்சி; ஐந்துக்கு வந்தால் விழுந்தாயிற்று.
அங்கே அஞ்சு என்றால் கொண்டாட்டம்.
இங்கே அஞ்சு என்றால், அஞ்சு.

கூட்டாதே என்றது விதி.
கூட்டினேன், ஒரே ஒரு வாக்கியம்.

மிர்லான் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.
"விடை தப்பா?"
"இல்லை. அத்தனையும் சரி."
"பின்னே?"

ஆசிரியை தாளைத் திருப்பிக் காட்டினார்.
எப்படிக் கண்டுபிடித்தாய், உன் சொற்களில் எழுது
என்று கேட்ட இடமெல்லாம் வெள்ளை.

"எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், ஒரே அடுப்பு.
விடை சரியென்றால் உட்காரலாம்.
எந்த வழியில் வந்தாய் என்று
எவரும் எவரையும் கேட்டதில்லை.
ஆனாலும் நீங்கள் இப்போது நடத்தும் கணக்கை
என் பையன் இரண்டு வருஷத்துக்கு முன்பே தாண்டிவிட்டான்.
எது நல்ல பள்ளிக்கூடம்? நீங்களே சொல்லுங்கள்."

ஹென்ஷெல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
"நாடுகளை வரிசைப்படுத்திப் பட்டியல் போடுவார்கள்.
எங்கள் பெயர் ஒரு படி இறங்கினால்
மந்திரிகள் கூடுவார்கள்,
எனக்கு ஒரு படிவம் கூடும்.
இந்த அறையில் இருபத்தேழு பிள்ளைகள்.
பதினான்கு பேர் எங்கே படித்துவிட்டு வந்தார்கள்,
அந்தப் பள்ளியை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.
அவன் மண்டைக்குள் எட்டிப் பார்க்க
எனக்கு அந்த வெள்ளை இடத்தை விட்டால்
வேறு ஜன்னல் கிடையாது."

இதை மொழிபெயர்க்க நேரமெடுத்தது.
ஜன்னல் என்றதும் மிர்லான்
நிஜ ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்.

என் பழைய சான்றிதழ், வரிசையாக ஐந்துகள்,
இந்த ஊர் அலுவலகம் ஒன்றில் முத்திரை வாங்கியது:
ஒப்பிட இயலாது.
அன்று அழுதேன். பிறகு
அந்த வேலைக்கே வந்துவிட்டேன்,
மணிக்கணக்கில் கூலிக்கு.

நேரம் முடிந்தது. இருவரும் கைகுலுக்கினார்கள்,
எதற்கு என்று இருவருக்கும் தெரியாமல்.

நடைகூடத்தில் பெக்துர், தலைக்கவசம் கழற்றாமல்.
"என்ன சொன்னாங்க?"
இப்போது எனக்குக் கூலி ஓடவில்லை.
ஓடாத நேரத்தில் விதியும் இல்லை.
"தொள்ளாயிரத்து முப்பத்தாறை எட்டால் வகுத்தாயாமே. எப்படி?"

என் கையெழுத்துத் தாளைப் பிடுங்கி
பின்பக்கத்தில் கோடு கிழித்தான்,
எங்கள் ஊர்க் கோணம், வகுக்கும் எண் வலப்பக்கம்.
"ஒன்பதில் ஓரெட்டு. மீதி ஒண்ணு.
மூணை இறக்கணும். பதிமூணு.
அதிலும் ஓரெட்டு, மீதி அஞ்சு.
ஆறை இறக்கினால் ஐம்பத்தாறு.
ஏழெட்டு ஐம்பத்தாறு.
மீதி இல்லை. நூற்றுப் பதினேழு."

மூச்சு வாங்கினான்.
வெள்ளை இடம் கேட்டது மொத்தமும் இதுதான்.
கதவுக்கு அந்தப்பக்கம்
ஆசிரியை நாற்காலிகளைத் தலைகீழாக
மேசைமேல் ஏற்றும் சத்தம்.

கீழே கம்பியில் பூட்டிய சைக்கிள்.
இருக்கையில் இன்னும் கடை பிளாஸ்டிக் உறை.
திருப்பிக் கொடுக்க முப்பது நாள் என்று
ரசீதை எடுத்துப் படித்தார் மிர்லான்.
படித்து, மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தத் தாளைத்தான் அலுவலகத்தில் கொடுத்தேன்.
பின்பக்கம் இது என்ன என்றாள் கணக்குப் பெண்.